பூவின் படமும் விதையின் வரலாறும்

மாடித் தொட்டியில் வளர்த்த மார்னிங் குளோரியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். 'நாடு இருக்கிற இருப்புல பூவைப் பத்தி என்ன எழுத்து?' என்று ஒரு தோழர் கேட்கவும் செய்தார். வரலாறு எழுதுதல் குறித்து நாம் பேசிவருகிற ஒரு பிரச்சினையை எனக்கு உறைக்கச் செய்தது இந்தக் கொடிதான் என்பதால் எழுதுகிறேன்.

ஜப்பான் போய்வந்த நண்பர் கொடுத்த விதையில் பதினாறு முளைத்தன. பன்னிரண்டு கொடிகளில் வழக்கமான புனல்பூ. 'நம்ம வேலித் தாளி மாதிரியில்ல இருக்கு' என்றார் பக்கத்து வீட்டம்மா. மற்ற நான்கில் அடுக்குப்பூ. வெயில் ஏறினால் வாடிவிடும் என்பதால் விடியும்போதே காமிராவோடு உட்கார்ந்து அந்த நான்கை மட்டும் படமெடுத்தேன். இடத்தை அடைக்கிறதென்று மற்றவற்றைக் காய் முற்றுமுன் பிடுங்கிப் போட்டேன். அடுக்குப்பூவோ ஒரு காய்கூட வைக்கவில்லை. அதில் மகரந்தத் தாள்கள் இதழ்களாகத் திரிந்துவிடுகின்றன. சூலகம் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு பூ. ஆக, என்னிடம் மிஞ்சியவை படங்கள் மட்டும்.

இந்தக் கொடி 8ஆம் நூற்றாண்டுவாக்கில் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் பேதி மருந்தாகப் போனது. 'அஸகாவோ' என்று பெயர். காலை முகம் என்று பொருள். 1806இல் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) பெருந்தீ. எரிந்து வெற்றிடமான பகுதிகளில் தோட்டக்காரர்கள் விதவிதமான அஸகாவோக்களை வளர்த்தார்கள் என்பர். சம்பளம் போதாத கீழ்நிலைச் சாமுராய்களுக்கும் இது பக்கவருமானமானது. 1804–1830, 1848–1860 என இரண்டு அலைகளாக விநோதப் பூக்களின் மீதான மோகம் பரவியது. 1854இல் முப்பத்தாறு பூக்களின் வண்ணப்படங்களோடு ஒரு புத்தகமே வந்தது.

அந்த விநோதங்களில் பலவும் என் அடுக்குப்பூவைப் போலவே மலடு. அப்படியானால் ஆண்டுதோறும் அவை எப்படித் திரும்பி வந்தன? கூடப் பிறந்த சாதாரணக் கொடிகள் வழியாகத்தான். பார்வைக்கு ஒன்றுமில்லாத அந்தக் கொடிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அடுக்குப்பூவுக்கான கூறை உள்ளே சுமக்கின்றன. எது சுமக்கிறது என்று பூவைப் பார்த்துச் சொல்லமுடியாது. ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியே சேர்த்து, விதைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். மெண்டலின் கட்டுரை அச்சானது 1866இல். அதற்கு முன்பே எடோக்காரர்கள் அனுபவத்தில் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியாது, கைப்பழக்கம் தெரியும். மரபியலின் கதையாடல் இந்தக் கைகளிலிருந்து தொடங்குவதில்லை என்பது கவனத்திற்குரியது.

இதைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. அங்கேயும் சந்தை இருந்தது, போட்டி இருந்தது. ஆனால் 1854ஆம் ஆண்டுப் புத்தகமும் என் காமிராவும் ஒரே வேலையைத்தான் செய்தன: கண்ணைப் பறித்ததைப் பதிவுசெய்தன, அதைப் பிழைக்கவைத்ததை விட்டுவிட்டன. நம் இயக்கங்களின் வரலாறும் இப்படித்தானே எழுதப்படுகிறது? மேடையில் நின்றவர்களின் படம் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டியவர், கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சோறாக்கியவர், தலைமறைவானவருக்குத் திண்ணையில் இடம் கொடுத்தவர் — இவர்கள் எந்தப் பிரதியில் இருக்கிறார்கள்?

நண்பரிடம் மறுபடி விதை கேட்டிருக்கிறேன். இந்தமுறை எல்லாக் கொடிக்கும் எண் எழுதிய சீட்டுக் கட்டப்போகிறேன், படமும் எடுப்பேன். சாதாரணப் பூவிலிருந்து தொடங்குவதாக உத்தேசம்.