மேலுறையில் ஒரு பெயர், நாடாவில் ஒரு பாட்டு

ஒலிப்பதிவின் மேல் தவறான பெயர் ஒட்டிக்கொள்ளும் கதை இசைத்தட்டோடு சேர்ந்தே பிறந்தது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களின் பாட்டுகளைப் பதிந்தார். மூலத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறின. அங்கே தட்டு அச்சிட்டு லேபிள் ஒட்டியவர்களுக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. அதனால்தான் பாடகி கௌஹர் ஜான் போன்றவர்கள் பாட்டு முடிந்த கையோடு தங்கள் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்கள். தட்டுக்குள்ளேயே பதிந்துபோன அந்தக் குரல்தான் முதல் லேபிள். மேலே ஒட்டிய காகிதம் பொய் சொன்னாலும் உள்ளே இருந்த குரல் மெய்யைச் சொன்னது.

நாட்டுப்புறக் கலைகளுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் அடங்கும். விடியவிடிய நடக்கும் கூத்து அதில் எப்படி அடங்கும்? தட்டில் ஏறி விற்றவை பெரும்பாலும் நாடகப் பாட்டுகளும் கீர்த்தனைகளும்தான். கும்மி, சிந்து என்று லேபிள் போட்டு வந்தவற்றைப் பாடியவர்களிலும் பலர் நாடக மேடைக்காரர்கள். வகைப்பெயரின் குழப்பம் இதற்கும் மூத்தது. சார்லஸ் இ. கோவர் 1871இல் சென்னையில் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் நூலில் திருக்குறளுக்கே தனி அத்தியாயம் உண்டு. எழுதிவைத்த செவ்விலக்கியமும் வாய்மொழிப் பாட்டும் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிட்டன. பின்னால் வந்த காப்பகப் பட்டியல்கள் பலவற்றில் ‘நாட்டுப்புறம்’ என்ற ஒற்றைச் சொல் எல்லாவற்றையும் விழுங்கியதற்கு இங்கேயே வேர் இருக்கிறது.

முழு இரவையும் பிடித்துவைக்க வழி செய்தது காந்த நாடா. ஸ்பூல் ரிக்கார்டர் பெரும்பாலும் ஆய்வாளர்களிடமும் வானொலி நிலையங்களிடமும்தான் இருந்தது. கேசட் வந்த பிறகு ஊர்க்காரர்களே பதிந்தார்கள். பிழைகளும் அப்போதுதான் பெருகின. எட்டு மணி நேரக் கூத்துக்கு 90 நிமிடக் கேசட் ஆறு வேண்டும். ஆறில் ஒன்று டப்பா மாறினால் வரிசையே குலைந்துபோகும். நாடா விலை கூடியது என்பதால் பழைய பதிவை அழித்துப் புதியதை ஏற்றும் வழக்கம் உலகெங்கும் வானொலி நிலையங்களில் இருந்தது. உள்ளே பாட்டு மாறியது, அட்டைப்பெட்டியின் எழுத்து மாறவில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பதிவுகளில் அதிகம் ஏமாற்றுவது ஊர்ப்பெயர். பூந்தமல்லி ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டைத் தாலுக்காவில் இருந்தது. சைதாப்பேட்டை இன்று நகரத்தின் நடுவே இருக்கிறது. பழைய உறையில் ‘சைதாப்பேட்டை’ என்று கண்டவர் அதைச் சென்னை நகரப் பதிவு என்று எழுதிவிடலாம். அம்பத்தூரின் நிலை இன்னும் சிக்கலானது. அது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டம் சில காலம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று பெயர் கொண்டது. 1997இல் மாவட்டம் பிரிந்தபோது அம்பத்தூர் திருவள்ளூருக்குப் போனது. 2011இல் சென்னை மாநகராட்சியிலும் 2018இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்தது. ஒரே தெரு, நாலு மாவட்டப் பெயர். 2019இல் செங்கல்பட்டு என்ற பெயரிலேயே வேறொரு புதிய மாவட்டம் வந்தது. ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்று எழுதிய பழைய கேசட்டை இன்றைய வரைபடத்தில் வைத்தால், ஆவடியில் ஆடிய கூத்து தெற்கே பல மைல் தள்ளிப் போய்விடும்.

வடக்கு எல்லையிலும் இதே இடர்ப்பாடு உண்டு. திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அப்போது அங்கே பதிந்தவை ஆந்திரக் கணக்கில் போயிருக்கக்கூடும். அப்பகுதியில் தெலுங்கிலும் தமிழிலும் கூத்து நடப்பதால், மாவட்டத்தை மட்டும் பார்த்து மொழியை எழுதிவைப்பது இரட்டைப் பிழையில் முடியும். எழுத்துக்கூட்டல் இன்னொரு வம்பு. பூவிருந்தவல்லி பேச்சில் பூந்தமல்லி ஆனது. ஆங்கில எழுத்தில் போய்த் திரும்பித் தமிழுக்கு வரும்போது பூனமல்லி ஆகிவிட்டது. பட்டியலில் இவை மூன்று ஊர்களாக நிற்கக்கூடும்.

பதிந்த இடமும் கலையின் பிறந்த இடமும் ஒன்று என்று கொள்வது இந்தப் புறநகரில் எளிதில் நேரும் பிழை. 1949இல் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதே பத்தாண்டில் விஜயந்தா பீரங்கி வண்டிகளைச் செய்யத் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவை தமிழகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்களோடு அவர்கள் ஊர்க் கொடை விழாவும் பாட்டும் வந்தன. ஆவடியில் பதிந்த வில்லுப்பாட்டு நெல்லை, குமரிப் பகுதியின் கலை. ஆவடி அதற்குக் குடியேறிய வீடு. பட்டியலில் இரண்டு இடங்களையும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் அந்த மக்களின் வரலாற்றில் பாதி போய்விடும்.

கலை வடிவத்தின் பெயரைக் காதால் கண்டுபிடிக்க வாத்தியங்களே வழிகாட்டி. தொண்டை மண்டலத்து அம்மன் வழிபாட்டில் பம்பையும் உடுக்கையும் சிலம்பும் சேர்ந்து ஒலிக்கும். உறுமியும் தவிலும் நாகசுரமும் கலந்த நையாண்டி மேளம் தெற்கத்திச் சேர்க்கை. கூத்தின் மேளத்தில் முகவீணை, மிருதங்கம், தாளம், ஹார்மோனியம் இருக்கும். முகவீணை என்பது குட்டையான, கீச்சென்று உயர்ந்த குரலுடைய குழல். கேட்டுப் பழகாதவர் அதை நாகசுரம் என்றே எழுதிவிடுவார். கூத்துக்கே பெயர்ச் சிக்கல் உண்டு. அறிஞர்களும் அரசும் ‘தெருக்கூத்து’ என்று எழுத, காஞ்சிபுரம் வட்டாரக் கலைஞர்கள் பலர், உடம்பில் கட்டும் மரக் கட்டை அணிகளை வைத்து, ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரை விரும்பினார்கள். 1990இல் கட்டைக்கூத்துச் சங்கமும் அமைத்தார்கள். இது பிழை என்பதைவிடப் பெயருக்கான உரிமைச் சண்டை என்பதே சரி. கலைஞர் சொல்லும் பெயரே பட்டியலில் முதலில் நிற்க வேண்டும்.

கதைப்பெயர்களிலும் கவனம் வேண்டும். துகில் உரியும் கூத்தை, படித்த ஒருவர் ‘பாஞ்சாலி சபதம்’ என்று எழுதினால் அது பாரதியின் காவியத்தோடு கலந்துவிடும். படுகளத்தில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் அழும் பகுதி மட்டும் தனி நாடாவில் இருந்தால் அது ‘ஒப்பாரி’ ஆகிவிடும். இழவு வீட்டு அழுகையும் கூத்துக் களத்து அழுகையும் சொல்லிலும் மெட்டிலும் உறவுடையவைதான், ஆனாலும் நிகழ்வு வேறு. ‘கர்ண மோட்சம்’ என்று தெளிவாக எழுதிய உறைக்கும் ஒரு கேள்வி உண்டு. அது திரௌபதி அம்மன் திருவிழாவில் ஆடப்பட்டதா, இறந்தவருக்கான கருமாதி இரவில் ஆடப்பட்டதா? வடதமிழகத்தில் இரண்டும் வழக்கம்.

நாடாவின் வேகமும் காதை ஏமாற்றும். பேட்டரி இறங்கிய ரிக்கார்டரில் பதியும்போது நாடா மெதுவாக நகரும். பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறி, ஆண் குரல் பெண் குரலுக்கு நெருங்கும், நாகசுரம் முகவீணை போலக் கேட்கும். இதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. மின் இணைப்பிலிருந்து பதிந்திருந்தால் அடியில் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும். இந்தியாவில் அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அதிலிருந்து விலகினால் வேகம் பிழை. இன்னொன்று ஹார்மோனியம். அதன் சுருதி இரவு முழுவதும் அசையாது. நாடாவில் அது மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனால், ஏறியது ஹார்மோனியம் அல்ல.

ஆனால் கருவிகளைவிட நம்பத்தக்க சான்று கூத்துக்குள்ளேயே இருக்கிறது. கூத்தின் நடுவே கோமாளியான கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் தொகையையும் மைக்கில் சொல்வார். ஊர்ப் பெரியவர்கள், கோயில், ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் பெயர், அதன் வாத்தியார் பெயர் எல்லாம் அதில் வந்துவிடும். கௌஹர் ஜான் தட்டின் கடைசியில் சொன்னதற்கு இணையான அறிவிப்பு இது. இசை மட்டும் போதும் என்று இந்தப் பகுதியை வெட்டிவிட்ட பிரதிகள் அந்த ஊரின் கையெழுத்தையே இழந்துவிட்டன. கேசட்டுகளின் வரிசையையும் நிகழ்வே சொல்லும். மேளம் கட்டுவதில் தொடங்கி, பாத்திரங்கள் திரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடி ஒவ்வொருவராக நுழைந்து, விடியலில் மங்களத்தில் முடியும். பின்னணியில் காக்கை கரைந்தால் அது கடைசி நாடா.

பதிந்த ஊருக்கே பதிவைத் திருப்பி எடுத்துப் போவது மற்றொரு முறை. டச்சு இசை ஆய்வாளர் ஆர்னால்ட் பேக்கே 1938இல் தமிழகம், கேரளம், கர்நாடகம் எங்கும் பதிந்தவற்றை, நசீர் ஜைரஸ்பாயும் ஆமி கேட்லினும் 1984இல் அதே ஊர்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் பாட்டைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1982இல் தொடங்கி, பின்னர் குர்கானில் நிலைபெற்ற இசையினவியல் ஆவண மையத்தில் அந்தப் பதிவுகளின் படிகள் இருக்கின்றன. தமிழில் எழுத்து வடிவப் பாட்டுகளுக்கு நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நல்ல முன்மாதிரி. பாட்டுகளின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் அதில் உண்டு.

பிழையான லேபிளை என்ன செய்வது என்பதில் காப்பகத் துறையின் விடை தெளிவானது. அதைக் கிழிக்கக் கூடாது. உறையில் இருந்தது இருந்தபடியே ஒரு கட்டத்தில், திருத்தம் அடுத்த கட்டத்தில், திருத்தியவர், தேதி, ஆதாரம் மூன்றாவது கட்டத்தில் எழுதப்படும். பறையைச் சாதி இழிசொல்லோடு சேர்த்து எழுதிய பழைய லேபிளும் அப்படியே பாதுகாக்கப்படும். அந்த இழிவு யார் பேனாவிலிருந்து வந்தது என்பதும் வரலாறு. தலைப்பாக மட்டும் அது தொடரக் கூடாது. ஊகமாகச் செய்த திருத்தத்தை ஊகம் என்றே குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பிழையின் இடத்தில் புதிய பிழை உட்காரும்.

மேற்குப் புறநகரின் கூத்துப் பதிவுகள் எல்லாம் காப்பகங்களில் இல்லை. திருவிழா நடத்தியவர்கள் வீட்டுப் பரணிலும், மைக்செட் கடைகளின் அட்டைப்பெட்டிகளிலும் கிடக்கும் கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்கிறது. ஓட்டிக் கேட்கும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அப்படி ஒன்று கையில் இருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். எந்தக் கோயில், எந்த ஆண்டு, எந்த ஜமா, எந்தக் கதை என்று நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதி, டப்பாவுக்குள் மடித்து வையுங்கள். அன்றைக்கு அங்கே ஆடியவர்களில் யாரேனும் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.