அசலும் வட்டியும் விலங்கியலும்

போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திருவண்ணாமலை. பௌர்ணமி கூட்டத்துல பஸ் நகரவே இல்ல, வழக்கம்போல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சித்தப்பா ஒரு கல்லூரி நோட்டீஸை நீட்டினார். பி.எஸ்ஸி பயோடெக்னாலஜி, சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. கல்விக்கடன் ஏற்பாடு செய்து தரப்படும்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. தங்கச்சி பிளஸ் டூ-ல உயிரியல் க்ரூப். டாக்டர் சீட் எட்டாதுன்னு அவளுக்கே தெரியும்.

"நீதான் பொட்டி தட்டுறவனாச்சே. இது தேறுமா தேறாதான்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.

கணக்குப் போட உட்கார்ந்தவன் பழைய கதையைத் தோண்ட ஆரம்பிச்சுட்டேன். (நம்ம புத்தி அப்படி.) பட்டதாரி சம்பளத்தையும் கடனையும் தராசுல வைக்கிற வேலை நம்ம நாட்டுல புதுசு இல்லை. 1963-லயே மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தது. நல்லா படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு: கடன் வாங்கிப் படிச்சவர் ஆசிரியர் வேலைக்குப் போனா, வேலை பார்க்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் கடன்ல பத்துல ஒரு பங்கு தள்ளுபடி. பத்து வருஷம் பாடம் நடத்தினா கடன் பூஜ்யம்! வாத்தியார் சம்பளம் கம்மி, ஆனா வாத்தியார் வேணும்னு அன்னைக்கு எவரோ ஒரு அதிகாரி யோசிச்சிருக்கார். அப்போ உயிரியல் படிச்சவங்கள்ல நிறைய பேருக்கு வாத்தியார் வேலைதானே வழி. ஆனா வசூல் சரியா நடக்கலை, திட்டத்தையும் பிற்பாடு கைவிட்டாங்க.

எங்க ஊர்ல அரசு கலைக் கல்லூரி வந்தது 1966-ல. 2007-08 கல்வியாண்டுல தமிழக அரசு, அரசுக் கலைக் கல்லூரிகள்ல இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணத்தையே எடுத்துடுச்சு. ஆக, அரசுக் கல்லூரியில விலங்கியல் படிக்கிற பிள்ளைக்குக் கடன்ங்கிற பேச்சே பெருசா வராது. பஸ் பாஸ், தேர்வுக் கட்டணம், சாப்பாடு, அவ்வளவுதான்.

அப்புறம் கடன் எங்க இருந்து வந்துச்சு? 2000 ஜூன்ல மனித மரபணு வரைபடத்தோட முதல் வரைவு தயார்னு கிளின்டனும் பிளேரும் அறிவிச்சாங்க. ஐ.டி. மாதிரி அடுத்த அலை பயோடெக்தான்னு ஊர் பூரா பேச்சு. தரமணியில டைசல் பயோ பார்க் வந்தது. தனியார் கல்லூரிகளும் பேர்ல பயோ ஒட்டின பட்டங்களை வரிசையா ஆரம்பிச்சாங்க. இதே சமயத்துல, 2001-ல, இந்திய வங்கிகள் சங்கத்தோட மாதிரிக் கல்விக்கடன் திட்டம். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் வேண்டாம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம், இல்லைன்னா வேலை கிடைச்சு ஆறு மாசம், எது முந்துதோ அப்போ தவணை ஆரம்பம்னு அன்னைக்கு விதி இருந்தது. அஞ்சுலேர்ந்து ஏழு வருஷத்துல கட்டி முடிக்கணும்னு இருந்தது.

இந்தக் கடிகாரம் என்னை மாதிரி இஞ்சினியருக்குச் சரியாப் பொருந்துச்சு. நாலு வருஷம் படிப்பு, காம்பஸ்ல வேலை, தவணை ஆரம்பிக்கும்போது கையில சம்பளம். என் கடன் அப்படித்தான் அடைஞ்சது, அதுல என் திறமை ஒண்ணும் இல்லை. உயிரியலோட கடிகாரம் வேற. பி.எஸ்ஸி மூணு வருஷம், எம்.எஸ்ஸி ரெண்டு, அதுக்கு மேல நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினாத்தான் உருப்படியான பணம். ஜே.ஆர்.எஃப். தொகை 2010-ல மாசம் 16,000, 2014-ல 25,000, 2019-ல 31,000, 2023-ல 37,000. மோசமில்லை. ஆனா அது எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்கிறவங்களுக்கும் பிளஸ் டூ முடிச்சு அஞ்சாறு வருஷம் கழிச்சுத்தான்.

சித்தப்பா நோட்டுல போட்ட கணக்கு இது. வருஷத்துக்கு ஒரு லட்சம், மூணு வருஷம், வட்டி 11 சதம்னு வெச்சுக்குவோம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல தனி வட்டியே 99 ஆயிரம். ஏறக்குறைய 4 லட்சம் நிக்கும். ஏழு வருஷத்துல அடைக்க மாசம் 6,800 சொச்சம். லேப்ல முதல் வேலைக்கு 15 ஆயிரம் வருதுன்னு வெச்சாக்கூட பாதிக்குக் கொஞ்சம் கம்மி அதுலயே காலி. சரி, எம்.எஸ்ஸி போறேன், தவணையைத் தள்ளிப் போடுங்கன்னு கேட்டு வங்கியும் ஒத்துக்கிட்டா, ரெண்டு வருஷத்துக்கு இன்னொரு 66 ஆயிரம் வட்டி ஏறும். எம்.எஸ்ஸி ஃபீஸ் தனி.

"தள்ளுபடி பண்ணிடுவாங்கடா" என்றார் சித்தப்பா. 2016 தேர்தல்லயும் 2021 தேர்தல்லயும் கல்விக்கடன் தள்ளுபடி வாக்குறுதி வந்தது வாஸ்தவம்தான். வாக்குறுதியை நம்பி தவணையை நிறுத்தினா சிபில்ல யார் பேர் கெடும்னு கேட்டேன். பதில் இல்லை.

எனக்கு எரிச்சல் வந்த இடம் வேற. 2009-ல மத்திய அரசு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கிற காலத்து வட்டியை நாங்களே கட்டுறோம்னு சொன்னது. ஆனா தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும். 2010-ல தமிழ்நாட்டு முதல் பட்டதாரி சலுகையும் தொழிற்படிப்புக்குத்தான். சீக்கிரம் சம்பாதிக்கப் போற எனக்கு உதவி, லேட்டா சம்பாதிக்கப் போறவளுக்கு முழு வட்டி! 1963-ல யோசிச்சதுக்கு நேர் தலைகீழ். 2024-ல வந்த பி.எம். வித்யாலக்ஷ்மி எந்தப் படிப்புன்னு பார்க்கலை, எந்தக் கல்லூரின்னு பார்க்குது. முதல் பட்டியல்ல 860 நிறுவனங்கள். நோட்டீஸ் கொடுத்த கல்லூரி அதுல இல்லை.

ஆஸ்திரேலியாவுல 1989-லேர்ந்து ஒரு முறை இருக்கு. படிப்புச் செலவை அரசாங்கம் கடனா எழுதி வெச்சுக்கும். படிச்சவரோட வருமானம் ஒரு அளவைத் தாண்டினப்புறம்தான் வரியோட சேர்த்துப் பிடிக்கும். தாண்டலைன்னா கேட்காது. கடிகாரமே கிடையாது, சம்பளம்தான் கணக்கு. இதைச் சொன்னதும் சித்தப்பா, "அங்க மல்லாட்டைக்கு என்ன விலைடா?"ன்னார். :-)

தங்கச்சி அதுவரைக்கும் பேசலை. "அண்ணா, எனக்கு பயோடெக் வேணும்னு நான் சொல்லவே இல்லையே. பூச்சி பத்திப் படிக்கணும்னுதான் சொன்னேன்" என்றாள். நாங்க ரெண்டு பேரும் அவளை ஒரு வார்த்தை கேட்கலைங்கறது அப்போதான் உறைச்சது.

மறுநாள் அரசுக் கல்லூரி விலங்கியலுக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டோம். அரசுப் பள்ளியில படிச்சதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் வரும். எம்.எஸ்ஸிக்கு வெளியூர் போக வேண்டி வந்தா அப்போ கடன் வாங்கலாம்னு பேச்சு. அந்த ரெண்டு வருஷக் கடனுக்கு யார் கையெழுத்துன்னு சித்தப்பா என்னைப் பார்த்தார். போடுறேன்னு சொல்லியிருக்கேன்.