லிஸ்ட் எழுதிய தலைமுறை

1980களில் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பத்துக்குப் பத்து அறை, கண்ணாடி அலமாரி நிறைய இசைத்தட்டுகள், மேசைமேல் ஒரு டெக், வாசலில் தெருவைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர். அவ்வளவுதான் கடை. கல்லூரி மாணவரோ, ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையனோ, ஒரு காலி கேசட்டையும் நோட்டுத் தாளில் எழுதிய பாடல் பட்டியலையும் அங்கே கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் போய் வாங்கி வருவார். அந்தப் பட்டியலுக்கு எல்லா ஊரிலும் ஒரே பெயர்: லிஸ்ட். வீட்டுப் பெரியவர்களுக்கு இது காசைக் கரியாக்கும் வேலை. தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதியவர்களும் நடிகர்கள், இயக்குநர்கள், அரசியல் என்று எழுதினார்களே தவிர, இந்தக் கடைகளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பாட்டுக் கேட்பவர் பாட்டைத் தேர்ந்தெடுப்பவராக மாறிய இடம் இதுதான். இன்றைக்குத் திரைப்பாடல்களை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம், எப்படி வகை பிரிக்கிறோம் என்பதையெல்லாம் தீர்மானித்ததில் அந்த இளைஞர்களின் மோகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இதன் அருமை புரிய வேண்டுமானால், அதற்கு முன்பு யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கிராமபோன் காலத்தில் 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் பாட்டு அடங்காது. தட்டையும் பெட்டியையும் சொந்தமாக வைத்திருந்தவை வசதியான வீடுகள். மற்றவர்கள் கல்யாணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் டீக்கடையிலும் ஒலிபெருக்கி வைத்தவர் போட்டதைக் கேட்டார்கள். வானொலி வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர், ரசனையைக் கெடுப்பவை என்று கருதித் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றினார். நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டது. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவர்கள் ஏராளம். கேட்பவருக்கு விருப்பம் இருந்தது. முடிவு நிலையத்தாரிடம் இருந்தது. கேட்டதை வைத்துக்கொள்ளவும் வழி இல்லை. கையில் மிஞ்சியது, கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் மட்டுமே. அதில் வரிகள் இருந்தன, குரல் இல்லை.

இந்தக் காத்திருப்பை முடித்து வைத்தது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஆட்டன்ஸ் என்ற பொறியாளரின் தலைமையில் உருவான கேசட், 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. உள்ளே நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஒரு காந்த நாடா. அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அந்தக் கணக்கில் 60 நிமிடக் கேசட்டுக்குள் 86 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கும். பிலிப்ஸ் இந்த அமைப்பை மற்ற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டதால் உலகமெங்கும் ஒரே அளவு நிலைத்தது; ஜப்பானில் வாங்கிய கேசட் திருச்சியில் ஓடியது. 1979இல் சோனியின் வாக்மேன் வந்து, பாட்டை நடந்துகொண்டே தனியாகக் கேட்கும் பொருளாக ஆக்கியது. நம் ஊருக்கு இந்தக் கருவிகள் பெரும்பாலும் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் பெட்டியில் வந்தன. இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் கிடைத்தன. வானொலியும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன் ஒன்று வீட்டுக்கு வந்தால் தெருவே எட்டிப் பார்த்தது. ஆனாலும் கேசட்டின் உண்மையான புதுமை அதன் அளவிலோ விலையிலோ இல்லை. வானொலி ஒலிக்கும், இசைத்தட்டு அச்சடித்ததைப் பாடும், கேசட் ஒன்றில்தான் கேட்பவர் தானே பதியலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வேறொன்றைப் பதியலாம்.

ஒரு லிஸ்ட் கேசட்டாகும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், அதில் இருந்த உழைப்பு தெரியும். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் ஒரு பக்கத்தில் ஆறு, மிஞ்சினால் ஏழு. ஆகவே பதினைந்து பாட்டை எழுதிக்கொண்டு வந்தவர், கடைக்காரர் முன்னால் நின்றபடியே இரண்டை அடிக்க வேண்டும். எதை அடிப்பது என்ற தவிப்பிலேயே ஒருவருடைய ரசனைக்கு ஒரு வடிவம் வந்துவிடும். அடுத்தது வரிசை. சைடு ஏ எந்தப் பாட்டில் தொடங்குவது, சோகப் பாட்டுக்குப் பிறகு எதைப் போட்டால் ஒட்டும், பக்கம் முடிகிற இடத்தில் பாதிப் பாட்டு அறுந்து நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் கணக்கு. நல்ல கடைக்காரர் தட்டின் உறையில் அச்சிட்ட நிமிடங்களைக் கூட்டிப் பார்த்து, இந்தப் பாட்டை சைடு பிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்வார். பதிந்து முடித்ததும் உறைக்குள் இருக்கும் அட்டையில் படம், பாட்டு, பாடியவர் என்று கலர் பேனாவில் எழுதித் தருவார். தவறி யாரும் அழித்துவிடாமல் இருக்கக் கேசட்டின் பின்புறம் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுவார்கள். பிறகு மனம் மாறினால் அந்த ஓட்டையை செல்லோ டேப்பால் மூடினால் போதும், திரும்பப் பதியலாம். டெக்கில் சிக்கிக் கசங்கிய ரீலைப் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்யும் வித்தை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

இந்தப் பழக்கம் முதலில் பாட்டைப் படத்திலிருந்து பிரித்தது. ஒரு படம் கொட்டகையில் ஒரு வாரம் ஓடித் தூக்கப்பட்டிருக்கலாம். அதன் ஒரு பாட்டு ஆயிரம் லிஸ்ட்டுகளில் இடம்பிடித்துவிட்டால் அது நிலைத்துவிட்டது. காதல் தோல்வி, தாலாட்டு, மழைப் பாட்டு, எஸ்.பி.பி. சோகம், ஜானகி தனிப்பாடல் என்று மனநிலையையும் குரலையும் வைத்து வகைபிரித்தவர்கள் முதலில் கேட்பவர்களும் கடைக்காரர்களும்தான். அடுத்து, இசையமைப்பாளரின் பெயர் முன்னுக்கு வந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் வந்த இளையராஜாவின் வளர்ச்சியும் கேசட்டின் பரவலும் ஒரே காலத்தில் நடந்தவை. அவருடைய பாடல்களில் பேஸ் கிதாரும் வயலின் கூட்டமும் தனித்தனியாக நகர்வதைக் கேட்க வேண்டுமென்றால் பந்தல் ஒலிபெருக்கி உதவாது. இரண்டு ஸ்பீக்கர் வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி வேண்டும். இரண்டும் கேசட்டோடு வந்தன. பேஸ் அதிர வேண்டும் என்பதற்காக மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திய இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். எந்தப் பள்ளியிலும் ஒலியியல் படிக்காதவர்கள் அவர்கள். காது சொன்னதை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ போன்ற படங்கள் பாடகனையே கதாநாயகனாக்கி வெற்றி பெற்றதும், 1986இல் படமே இல்லாமல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பை இளையராஜா வெளியிட முடிந்ததும் இப்படிக் காது பழகிய கூட்டம் ஒன்று இருந்ததால்தான்.

பாட்டு மோகம் தனியாக வரவும் இல்லை. பெல்பாட்டம் போய் பேகி பேன்ட் வந்தது, காதை மூடிய முடி போய் ஸ்டெப் கட்டிங் வந்தது. டெய்லர் கடையிலும் சலூனிலும் நாள் முழுக்க ஓடியது இதே கேசட்தான். தனியார் பேருந்துகள் எந்த வண்டியில் நல்ல பாட்டு என்று போட்டி போட்டன. சினிமாவுக்கு வெளியிலும் இது பரவியது. மாரியம்மன் பாடல்களும் ஐயப்பன் பாடல்களும் மேடைப் பேச்சுகளும் கேசட்டில் வந்தன. 1984இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனம் டீக்கடைதோறும் ஒலித்தது. வட இந்தியாவைப் பற்றி பீட்டர் மேனுவல் 1993இல் எழுதிய நூல், ஒரே கம்பெனியின் கையிலிருந்த இசை வணிகத்தைக் கேசட் எப்படிப் பல சிறு கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது என்று விரிவாகக் காட்டுகிறது. தமிழ்நாட்டுக்கும் அதுவே பொருந்தும். கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும், 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் பேட்டரியும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளை நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலியும் பாட்டும் கேட்டார்கள். பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடிய ஒன்றுக்காக யாரும் இவ்வளவு பாடுபடமாட்டார்கள்.

இங்கே எழும் முதல் மறுப்பு கனமானது. இது திருட்டு இல்லையா? 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி அனுமதியின்றிப் படியெடுத்து விற்பது குற்றம்தான். கேசட் பெருகியதைப் பார்த்து 1984இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். பிரிட்டனில் 1981இல் இசைத்தட்டு நிறுவனங்கள், வீட்டில் பதிவது இசையையே கொன்றுவிடும் என்று பெரிய பிரசாரம் செய்தன. நட்டம் நடந்தது உண்மை, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அந்த நட்டத்தின் கணக்கை முழுதாகப் போட வேண்டும். ஒருவருக்குப் பத்துப் படங்களிலிருந்து பத்துப் பாட்டு வேண்டும். கம்பெனி விற்றது பத்து முழு இசைத்தட்டுகளை. அவர் கேட்ட பொருள் சந்தையில் இல்லவே இல்லை. அதைச் செய்து கொடுத்தது ரெக்கார்டிங் கடை. அந்தத் தேவை கண்ணுக்குத் தெரிந்த பிறகே கம்பெனிகள் பாடகர் வாரியாக, இசையமைப்பாளர் வாரியாகத் தொகுப்புக் கேசட்டுகளை வெளியிட்டு நன்றாகச் சம்பாதித்தன. பாட்டெழுதியவருக்கும் வாசித்தவருக்கும் என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. முறையாக விற்ற கேசட்டிலிருந்தும் அவர்களில் பெரும்பாலோருக்குப் பங்கு போய்ச் சேரவில்லை. ஒரு முறை வாங்கிய ஊதியத்தோடு உரிமை கைமாறிவிட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டிப் பங்கை இந்தியச் சட்டம் உறுதி செய்தது 2012இல்தான். கலைஞர்களுக்கு நடந்த அநீதியின் வேர் ஒப்பந்தங்களில் இருந்தது. அதை முழுக்கத் தெருமுனைக் கடையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இரண்டாவது மறுப்பு, இந்தச் சுதந்திரம் யாருக்குக் கிடைத்தது என்பது. கடை வாசலில் நின்று பேசியவர்கள் அநேகமாக ஆண்கள். பெண்கள் எழுதிய லிஸ்ட் அண்ணன் தம்பி கையில் போனது. காலி கேசட் வாங்கவும் கையில் காசு வேண்டும். இந்த எல்லையை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனாலும் முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வாசல் அகன்றிருந்தது புரியும். இசைத்தட்டும் பிளேயரும் வாங்க முடியாத குடும்பத்துக்கு ஒரு கேசட்டும் பக்கத்து வீட்டு டேப்பும் போதுமாக இருந்தன. வீட்டுக்குள் வந்த பிறகு ரிவைண்டு பட்டனை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம்; சமையலறைக்குக் கேட்கும்படி ஓடிய கேசட்டில் தங்கை எழுதிக் கொடுத்த பாட்டும் இருந்தது. அஞ்சலட்டை எழுதிக் காத்திருந்த நேயருக்கு இந்த இடம்கூட வாய்க்கவில்லை.

மூன்றாவது மறுப்பு, இதெல்லாம் வந்துபோன மோகம், சுவடில்லாமல் மறைந்தது என்பது. 1990களின் இறுதியில் சி.டி.யும் அடுத்து எம்பி3யும் வந்ததும் கடைகள் மூடின. சிலர் செல்போன் கடைக்கு மாறினார்கள். தொழில் போய்விட்டது, உண்மை. ஆனால் அந்தத் தொழில் உண்டாக்கிய பழக்கம் எங்கும் போகவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களோடு நடைபாதையில் விற்ற எம்பி3 தட்டுகள் லிஸ்ட்டின் வகைபிரிப்பையே பின்பற்றின. 2003இல் சென்னையில் தனியார் பண்பலைகள் வந்தபோது, இரவுக்கு மெலடி, ஓர் இசையமைப்பாளருக்கு ஒரு மணி நேரம் என்று நிகழ்ச்சிகள் அமைந்தன. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளின் சுற்றுகளும் அப்படித்தான். இன்று கைப்பேசியில் பிளேலிஸ்ட் போடும் பிள்ளை செய்வது தன் அப்பா 1985இல் செய்ததைத்தான். ஒரே வேறுபாடு, அப்பாவுக்கு 60 நிமிடம் என்ற எல்லை இருந்தது. அதனால் ஒவ்வொரு பாட்டையும் எடை போட்டார். இன்று எல்லை இல்லை. அடுத்த பாட்டைச் செயலியே சொல்லிவிடுகிறது. இளையவர்கள் இழந்துவிடக் கூடாத ஒன்று உண்டென்றால், அது தானே தேர்ந்து தானே வரிசைப்படுத்தும் அந்தப் பொறுப்பு. காதில் மாட்டிய ஹெட்போனைப் பார்த்துக் கோபப்படுவதை விட்டு, பெரியவர்கள் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

ஒரு தலைமுறை எதைக் கேட்டது என்பதற்குக் கம்பெனிகளின் விற்பனைக் கணக்கை மட்டும் நம்பினால், எதை விரும்பியது என்பது தெரியாமலே போகும். அதைச் சொல்லும் ஆவணம் கையால் எழுதிய அந்த லிஸ்ட்டுகளும் கேசட் அட்டைகளும்தான். பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் குப்பை என்று எண்ணாமல் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததால்தான், அவற்றைக் கொண்டு இன்று சமூக வரலாறு எழுத முடிகிறது. அவர் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. காந்த நாடாவுக்குக் காகிதம் அளவுக்குக்கூட ஆயுள் இல்லை. ஈரமும் பூஞ்சையும் வேகமாக அரித்துவிடும். பரணில் பழைய கேசட் பெட்டி வைத்திருப்பவர்கள் வீட்டை ஒழுங்கு செய்யும்போது அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அட்டையைப் படம் எடுத்து வையுங்கள், யார் எழுதியது, எந்த ஊர்க் கடை, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று குறித்து வையுங்கள், முடிந்தால் பொறுப்பான ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள். தமிழ் இளைஞர்களின் ரசனை வரலாற்றை எழுத வருபவருக்கு அதைவிட நம்பகமான சான்று கிடைக்காது.