நிழலுக்கு வந்த ஹோஸ்டா தொட்டிகள்

ஹோஸ்டா, பூவைவிட இலைக்காக வளர்க்கப்படும் செடி. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் ஈரக்காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாக வளர்வது. குளிர்காலத்தில் இலைகள் பட்டுப்போகும். வசந்தத்தில் சுருட்டிய குருத்துகள் மண்ணைப் பிளந்து எழும்.

ஜப்பானியர் இதை கிபோஷி என்பர். எடோ காலத்தில் வெள்ளையும் மஞ்சளும் வரியோடிய இலைகள்மீது அங்கே பெரும் மோகம் இருந்தது. அத்தகைய செடிகளுக்கென்றே 'சோமொகு கின்யோஷூ' என்ற படநூல் 1829இல் வெளிவந்தது. வரி இலைச் செடி எப்போது வேண்டுமானாலும் பச்சைக்கே திரும்பிவிடும். தொட்டியில் இருந்தால் பச்சைக் குருத்தை உடனே கண்டு கிள்ளிவிடலாம்.

ஐரோப்பாவுக்கு முதலில் போனது வரி இலைச் செடி அல்ல. 1780களில் சீனாவிலிருந்து பாரிஸுக்குப் போன விதைகளில் முளைத்தது, மணமுள்ள வெள்ளைப்பூ ஹோஸ்டா. ஹோஸ்டா வகைகளிலேயே வெயிலை அதிகம் விரும்புவது இதுதான் என்பது வேடிக்கை. நிழலுக்குரிய ஜப்பானிய வகைகள், நாகசாகியில் மருத்துவராக இருந்த சீபோல்ட் 1829இல் அங்கிருந்து புறப்பட்ட பிறகே நெதர்லாந்தில் பரவின. 1812இல் தாவரவியலாளர் டிராட்டினிக் சூட்டிய ஹோஸ்டா என்ற பெயரை 1817இல் வந்த ஃபுங்கியா என்ற பெயர் ஓரங்கட்டியது. 1905 வியன்னா தாவரவியல் மாநாடு பழைய பெயரையே உறுதிசெய்தது. தோட்டக்காரர்கள் அதற்குப் பிறகும் ஃபுங்கியா என்றே சொல்லிவந்தார்கள்.

தோட்டக்கலை எழுத்தாளர் கெர்ட்ரூட் ஜீக்கிலும் அப்படித்தான் எழுதினார். இங்கிலாந்தில் அவருடைய மன்ஸ்டெட் வுட் வீட்டின் வடபுற முற்றத்தில் வெயில் குறைவு. அங்கே ஃபுங்கியா, பெரணித் தொட்டிகளை நிறுத்தி, அவற்றினிடையே லில்லி, ஹைட்ராஞ்சியா தொட்டிகளை வைத்தார். பூ முடிந்த தொட்டிகள் போகும், புதியவை வரும். பச்சைத் தொட்டிகள் பருவம் முழுக்க அசையாது. நிழல் முற்றத்துக்கு இன்றும் இதைவிட நல்ல ஏற்பாடு சொல்வது கடினம்.

அமெரிக்க ஹோஸ்டா சங்கம் 1968இல் தோன்றியது. பின்னர் திசு வளர்ப்பு வந்ததும், அரிய வகைகள் மலிவாயின. 2008இல் 'ஆண்டின் ஹோஸ்டா'வான 'ப்ளூ மவுஸ் இயர்ஸ்' போன்ற குள்ள வகைகள், தரையில் நட்டால் பிற செடிகளுக்குள் மறைந்துபோகும்; அவற்றுக்குத் தொட்டியே இடம். பெரிய வகைகளைத் தொட்டிக்கு ஏற்றியது நத்தைத் தொல்லை. ஒரே இரவில் இலையைச் சல்லடையாக்கும் நத்தைகளைத் தடுக்க, தொட்டி விளிம்பில் செப்புப் பட்டை ஒட்டும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. அதன் பலன் சந்தேகத்துக்குரியது.

தொட்டி மண் சீக்கிரம் காய்வதால் கோடையில் நீர் தவறக்கூடாது. குளிர்காலத்தில் கெடுப்பது பனியைவிடத் தேங்கும் ஈரமே. ஆகவே தொட்டிகளை இறவாரத்தின் கீழ் ஒதுக்குகிறார்கள். அந்தக் குளிர் உறக்கம் கிடைக்காத வெப்ப ஊர்களில், நல்ல நிழல் இருந்தும் செடி ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டே போகும்.