பேய்

பேய் என்னும் சொல் இன்றைய பேச்சு வழக்கில், இறந்தபின் அடங்காமல் அலைவதாக நம்பப்படும் ஆவியைக் குறிக்கிறது. பழந்தமிழ் நூல்களில் வரும் பேய் பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. அது எந்த மனிதரின் ஆவியும் இல்லை. போர்க்களத்திலும் சுடுகாட்டிலும் பிணம் தின்று வாழும் தனி இனம். பெயரும் ஊரும், பழிவாங்க ஒரு காரணமும் கொண்ட பேய் பின்னால் வந்தது. அலகை, கழுது, கூளி, குணங்கு, மண்ணை எனப் பேய்க்குப் பல பெயர்கள் இலக்கியத்தில் உண்டு. அணங்கு, சூர், பூதம் ஆகியவை இதற்கு நெருங்கியவை என்றாலும் வேறானவை. பூதத்தை ஊரைக் காக்கும் தெய்வமாக வைத்துப் பூசை செய்தனர். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் நாளங்காடிப் பூதத்துக்கும் சதுக்கப் பூதத்துக்கும் பலியிடும் இடங்கள் இருந்தன.

சங்கப் பாடல்களில் பேய் பெரும்பாலும் பெண். பேய்மகள் என்றே வருகிறாள். திருமுருகாற்றுப்படை அவளை மிக நெருங்கி நின்று பார்க்கிறது. காய்ந்த தலைமயிர், வரிசை தவறிய பல், அகன்ற வாய், சுழலும் பச்சைக் கண், காதில் தொங்கும் கூகையும் பாம்பும் எனத் தோற்றத்தை அடுக்கி, இறந்தவன் தலையைக் கையில் ஏந்தியபடி அவள் துணங்கைக் கூத்து ஆடுவதையும் சொல்கிறது. இந்தக் கோரம் வெறும் அச்சத்துக்காகப் பாடப்பட்டதன்று. களத்தில் பேய் வயிறார உண்டது என்றால் மன்னன் பெருவெற்றி பெற்றான் என்று பொருள்.

காயம்பட்டு வீட்டில் கிடக்கும் வீரனையும் பேய் நெருங்கும் என்பது அக்கால நம்பிக்கை. கணவனின் புண்ணைப் பேய் தீண்டாதபடி மனைவி காப்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்னும் துறையாக வகுத்தது. காப்பதற்குச் சுற்றத்தார் எவரும் இல்லாதவனைப் பேயே காவல் காப்பது பேய்ப்பக்கம். அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாட்டில் இந்தக் காவலின் முழு ஏற்பாடும் இருக்கிறது. வீட்டில் இரவத் தழையோடு வேப்பந்தழையைச் செருகுகிறார்கள்; யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன; வெண்சிறுகடுகைத் தூவி, ஆம்பற் குழலை ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்புகிறார்கள். வேப்பிலையும் கடுகும் புகையும் கிராமத்து வீடுகளில் இன்றும் இதே வேலைக்குப் பயன்படுகின்றன.

திருக்குறளில் பேய் உவமையாக வருகிறது. எளிதில் காண முடியாத, கடுமுகம் கொண்டவனிடம் உள்ள செல்வம் பேய் கண்டு காத்திருக்கும் செல்வம் போன்றது என்கிறது ஒரு குறள். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்று மறுப்பவன் அலகையாக எண்ணப்படுவான் என்கிறது இன்னொன்று.

பேயால் உயிர் போகுமா என்ற கேள்வியை நேராக எடுத்தது மணிமேகலை. கோதமையின் மகன் சார்ங்கலன், புகாரின் சுடுகாடான சக்கரவாளக் கோட்டத்துக்குத் தனியே போகிறான். அங்கே தலையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆடும் பேயைக் கண்டு நடுங்கி வீடு திரும்பி இறந்துபோகிறான். மகனின் உயிரைப் பேய் கொண்டது என்று தாய் சம்பாபதித் தெய்வத்திடம் முறையிட, அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, அவனுடைய அறியாமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிரைக் கொண்டது என்று தெய்வம் விடை சொல்கிறது. பேய் உண்டு, ஆனால் கொன்றது அச்சமும் வினையும்தான் என்ற இந்தப் பௌத்த விளக்கம் அந்தக் காலத்துக்கு மிகத் தெளிவானது. சிலப்பதிகாரத்தின் இடாகினிப் பேயும் உயிரைப் பறிப்பதில்லை. பால் விக்கி ஏற்கெனவே இறந்துவிட்ட குழந்தையின் உடலைத்தான் மாலதி என்னும் பெண்ணின் கையிலிருந்து வாங்கிப் போகிறது.

பேயின் வரலாறு திசை மாறிய இடம் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் அது திருவாலங்காடு. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பழையனூரை அடுத்துள்ள இத்தலம் சிவனின் ஐந்து ஆடல் சபைகளுள் இரத்தின சபை. காரைக்காலில் வணிகர் குடும்பத்தில் பிறந்த புனிதவதி, கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகியதும், அழகு சுமந்த உடலை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கயிலை மலையில் கால் படக்கூடாது என்று தலையால் நடந்து ஏறிய அவரைச் சிவன் அம்மையே என்று அழைத்து, ஆலங்காட்டில் தன் ஆடலைக் காண அனுப்பினார். அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணும் ஒட்டிய வயிறுமாக ஒரு பெண்பேயை வரைகின்றன. பழம்பாடல்களில் போர்வெற்றிக்குச் சான்றாக நின்ற உருவம் இங்கே பக்தியின் உருவமாகிறது. தம்மைக் காரைக்காற்பேய் என்றே அவர் பாடலில் குறித்துக்கொண்டார். சோழர் கால வெண்கலச் சிலைகளில், எலும்பு தெரியும் உடலோடு தாளம் தட்டிப் பாடுபவராக அவரைக் காணலாம்.

அதே ஊரில்தான் நீலியின் கதையும் நடக்கிறது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனைப் பழையனூரில் மறிக்கிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று வேளாளர் எழுபது பேர் முன் அழுகிறாள். அந்தக் கண்ணீரை நம்பிய அவர்கள், அவனுக்கு ஏதும் நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்களித்து அவளோடு அனுப்புகிறார்கள். மறுநாள் அவன் பிணமாகக் கிடக்க, எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக்கண்ணீர் என்ற வழக்கு இதிலிருந்து வந்தது. 7ஆம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதைக்குக் குறிப்பு உண்டு. பொய்க்கண்ணீரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்ட பழமொழி, முதலில் கொல்லப்பட்டவள் அவள் என்பதை விட்டுவிட்டது.

சமணர் இந்த நீலியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் தவம் செய்யும் முனிச்சந்திரரை விரட்டப் பழையனூர் நீலி அழைக்கப்படுகிறாள். விரட்ட வந்தவள் அவரிடம் அறம் கேட்டு மாணவியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூல் இது. தெற்கே, நீலி இசக்கி என்னும் பெண்தெய்வத்தோடு கலந்தாள். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் புகழ்பெற்றது. கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாக இசக்கி கதையைப் பாடுகிறார்கள். கொடுமையாக இறந்தவர் தெய்வமாகும் கதைகள் வில்லுப்பாட்டில் தனி வகையாகவே உள்ளன. பேய்க்கும் சிறுதெய்வத்துக்கும் இடையில் பெரும்பாலும் இருப்பது ஒரு பீடமும் ஆண்டுக்கொரு படையலும்தான்.

வைணவத்தில் பேய் என்பது இறைப்பித்தையும் குறித்தது. மயிலையில் தோன்றியவராகக் கூறப்படும் பேயாழ்வார் முதலாழ்வார் மூவருள் ஒருவர். மூன்றாம் திருவந்தாதி பாடியவர். பழைய பொருளும் மறையவில்லை; கண்ணனுக்கு நச்சுப்பால் ஊட்ட வந்த பூதனையை ஆழ்வார்கள் பேய்ச்சி என்றே பாடினர்.

பேயை நகைச்சுவைக்குக் கொண்டுவந்தவர் செயங்கொண்டார். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும் கலிங்கத்துப்பரணி 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பசியால் வாடிய பேய்கள் காளியிடம் முறையிடுவதும், போர் முடிந்ததும் களத்தில் கூழ் சமைப்பதும் நூலின் பெரும்பகுதி. யானைத் தந்தம் உலக்கை, வீரர்களின் பல் அரிசி, கேடயம் சுளகு. பந்தி பரிமாறும்போது பேய்களுக்குள்ளும் சமயம் வந்துவிடுகிறது. உயிர்க்கொலை செய்யாத, ஒருவேளை மட்டும் உண்ணும் சமணப் பேய்களுக்காகக் கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து நிணத்துணியால் வடிகட்டச் சொல்கிறார் கவிஞர். பார்ப்பனப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் எனப் பந்தி நீள்கிறது. தமிழில் பேயை இவ்வளவு ஆசையாக எழுதிய நூல் வேறில்லை.

நாட்டார் நம்பிக்கையில், ஆயுள் முடியும் முன் இறந்தவர்களே பேயாகிறார்கள். தற்கொலை செய்துகொண்டவர், கொலையுண்டவர், பிரசவத்தில் இறந்தவர், கல்யாண ஆசை நிறைவேறாமல் போனவர் ஆகியோர் இதில் அடங்குவர். காற்றுக் கருப்பு, மோகினி, முனி, இரத்தக்காட்டேரி, குறளி, குட்டிச்சாத்தான் எனப் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றோடு சேர்த்துப் பேசப்படுவது கொத்தி. இரவில் வயல்வெளியில் தெரியும் தீப்பந்தம் கொள்ளிவாய்ப் பிசாசு. சதுப்பில் மக்கும் பொருள்களிலிருந்து எழும் வாயு எரிவதே அது என்பர். பேய் தங்குமிடம் புளியமரம். அம்மரம் இரவில் கரியமில வாயுவை வெளியிடுவதால் வந்த அச்சம் இது என்று மேடைகளில் சொல்வதுண்டு. எல்லா மரமும் இரவில் அதையே செய்கிறது, அதுவும் மிகச் சிறிய அளவில் என்பதால் இந்த விளக்கம் நிற்காது.

பேயோட்டுதல் ஒரு விசாரணை போல நடக்கும். பேயோட்டும் கோடாங்கி உடுக்கை அடித்து, நீ யார், எந்த ஊர், எங்கே பிடித்தாய், என்ன வேண்டும் என்று கேட்பார். பேய் பிடித்தவர் தலைவிரித்து ஆடி, பெயரையும் இறந்த விதத்தையும் சொல்வார். கோழி, சாராயம், சுருட்டு, புடவை என ஏதாவது கேட்பார். இறுதியில் தலையில் கல்லைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓட, உச்சிமயிரில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியால் அடிப்பார்கள். தென்னார்க்காட்டுப் பகுதியில் இதை ஆராய்ந்த இசபெல் நபகோவ், பிடிபட்டவர்களில் பலர் புதிதாக மணமான பெண்கள் என்பதையும், பிடித்த பேய் ஆசை தீராமல் இறந்த ஆணாகப் பேசப்படுவதையும் 1997இல் எழுதினார். கணவனை விட்டு விலகிய பெண்ணை அவனிடமே திருப்பி அனுப்புவதில் சடங்கு முடிகிறது என்பது அவர் கருத்து. வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பேயின் வாயால் சொல்லும் வழியாகவும் இதைக் காணலாம்.

கோயில், தர்கா, தேவாலயம் என்ற வேறுபாடு இதில் குறைவு. குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் எல்லாச் சமயத்தாரும் செல்கின்றனர். மனநோயைப் பேய்ப்பிடிப்பாகக் கொள்வதன் விலை 2001 ஆகஸ்ட் 6 அன்று தெரிந்தது. ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

ஐரோப்பியப் பாதிரிமார் பேய் என்னும் சொல்லின் பொருளை விரித்தனர். தரங்கம்பாடியில் சீகன்பால்குவும், பின்னர் திருநெல்வேலியில் கால்டுவெல்லும் ஊர்த்தெய்வ வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே எழுதினர். சுடலைமாடனும் இசக்கியும் அந்த ஒரே சொல்லில் அடங்கினர். விவிலியத் தமிழில் சாத்தானைக் குறிக்கப் பிசாசு என்ற வடசொல் நிலைத்தது. 1995இல் வந்த திருவிவிலியம் பழைய அலகையை மீட்டெடுத்தது.

புதுமைப்பித்தனின் காஞ்சனை, 1940களின் தமிழ்ச் சிறுகதையில் பேய்க்குப் புது இடம் கொடுத்தது. எழுத்தாளன் ஒருவனின் வீட்டுக்குள் வந்து சேரும் பிச்சைக்காரி யார் என்பதற்குக் கதை கடைசிவரை விடை தருவதில்லை. மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் பேய்ச்சி நாவலை அந்நாட்டு உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடை செய்தது.

திரைப்படத்தில் யார் நீ? (1966), 13ஆம் நம்பர் வீடு (1990) போன்றவை அச்சத்தை நம்பின. சந்திரமுகி (2005) பேயை மனநோயாக விளக்கியது. காஞ்சனா (2011) தொடங்கிச் சிரிப்பும் பேயும் கலந்த படங்கள் ஒரு அலையாகவே வந்தன. கொல்லப்பட்டவர் திரும்பி வந்து நியாயம் கேட்கும் அப்படங்களின் கதை நீலியின் கதைதான். மிஷ்கினின் பிசாசு (2014) விலக்கு. அதில் வரும் பேய் யாரையும் பழிவாங்குவதில்லை.

ஆவியைக் குறிக்காத பொருள்களும் பேய் என்னும் சொல்லுக்கு உண்டு. அளவு மீறியதைக் குறிக்கப் பேய்மழை, பேய்க்காற்று என்பர். கானல்நீருக்குப் பேய்த்தேர் என்பது சங்ககாலப் பெயர். செடிகொடிகளில், உண்ணத் தகாத கசப்பான காட்டு வகையைக் குறிக்க இது முன்னொட்டாக நிற்கும்: பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு. பட்டினத்தார் கையில் திருவொற்றியூரில் இனித்ததாகச் சொல்லப்படும் பேய்க்கரும்பும் இவ்வகைப் பெயரே. பேய்மிரட்டி என்ற மூலிகையின் பச்சை இலையை எண்ணெயில் தோய்த்துத் திரியாக எரிக்கலாம். பேயன் வாழையின் பெயரைச் சுடலையில் ஆடும் சிவனோடும், மொந்தனை முகுந்தனோடும், பூவனைப் பிரமனோடும் இணைப்பது மக்கள் வழங்கும் விளக்கம். ஈழத்துப் பேச்சில் பேயன் என்றால் முட்டாள், பேய்க்கதை என்றால் பொருளற்ற பேச்சு, பேய்க்காட்டுதல் என்றால் ஏமாற்றுதல்.