ஜப்பானின் நியூரோபிளாஸ்டோமா சிறுநீர்ச் சோதனைத் திட்டம்

நியூரோபிளாஸ்டோமா என்பது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் ஆகும். சிறுநீரில் வெளியேறும் வேதிப்பொருள்களைக் கொண்டு இந்நோயை அறிகுறிகள் தோன்றும் முன்பே கண்டறிய, ஜப்பான் நாடு முழுவதும் ஒரு சோதனைத் திட்டத்தை நடத்தியது. 1980களின் நடுப்பகுதியில் தேசிய அளவில் விரிவடைந்த இத்திட்டம், 2000களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது.

சோதனையின் அடிப்படை

கருவில் பரிவு நரம்பு மண்டலமாக வளர வேண்டிய செல்களிலிருந்து இப்புற்று உருவாகிறது. அட்ரீனல் சுரப்பியிலேயே இது மிகுதியாகக் காணப்படும். இச்செல்கள் டோபமின், நார்அட்ரீனலின் போன்றவற்றைச் சுரக்கின்றன. அவை உடலில் சிதைந்து ஹோமோவெனிலிக் அமிலமாகவும் வெனிலைல்மான்டெலிக் அமிலமாகவும் மாறிச் சிறுநீரில் கலக்கின்றன. இவற்றின் அளவு மிகுந்திருந்தால் உடலில் கட்டி இருக்கலாம் எனக் கருதப்படும்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு வயதுக்குள் கண்டறியப்படும் குழந்தைகள் பிழைப்பதும், அதற்குப் பின் கண்டறியப்படுவோரில் பலர் இறப்பதும் மருத்துவர்கள் அறிந்ததே. எனவே முன்னரே கண்டறிந்தால் இறப்பைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1970களின் முற்பகுதியில் கியோட்டோவில் தடாஷி சவாடாவும் அவரது குழுவினரும் இச்சோதனையைத் தொடங்கினர். ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரை வடிதாளில் தோய்த்து, உலர்த்தி, பெற்றோர் அஞ்சலில் அனுப்பினர். குழந்தைக்கு வலியில்லை, செலவும் குறைவு. பின்னர், அமிலங்களைத் துல்லியமாக அளக்கும் திரவ குரோமட்டோகிராபி முறை புகுத்தப்பட்டதும் மேலும் பல கட்டிகள் கண்டறியப்பட்டன.

எழுந்த ஐயம்

சோதனையில் கண்டறியப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ அனைவரும் பிழைத்தனர். இது பெரிய வெற்றியாகத் தோன்றியது. ஆனால் வயது கூடிய குழந்தைகளிடம் முற்றிய நோய் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கண்டறியப்பட்ட கட்டிகளில் பல, சிகிச்சையின்றித் தாமாகவே சுருங்கி மறையக்கூடியவை. எம்.ஒய்.சி.என். மரபணு பெருகிய கொடிய வகைக் கட்டிகள் சோதனையில் அரிதாகவே சிக்கின. ஆகவே தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்கும் வேதிச் சிகிச்சைக்கும் சில குழந்தைகள் உள்ளாயினர்.

ஒப்பீட்டு ஆய்வுகள்

கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் ஜெர்மனியிலும் நடந்த இரு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. கியூபெக்கில் மூன்று வாரத்திலும் ஆறு மாதத்திலும், ஜெர்மனியில் ஒரு வயதை ஒட்டியும் குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். ஜெர்மனியில் மட்டும் ஏறத்தாழ 14.8 லட்சம் குழந்தைகள் பங்கேற்றனர். அங்கு சோதிக்கப்பட்டோரில் இறப்பு லட்சத்துக்கு 1.3 ஆகவும், சோதனை நடைபெறாத பகுதிகளில் 1.2 ஆகவும் இருந்தது. கியூபெக்கிலும் இறப்பு குறையவில்லை.

திட்டத்தின் முடிவு

இம்முடிவுகளைத் தொடர்ந்து, 2003-இல் ஜப்பான் அரசு தேசியத் திட்டத்தை நிறுத்த முடிவெடுத்தது. எனினும் விவாதம் அத்துடன் ஓயவில்லை. சோதனைக் காலத்தில் பிறந்த குழந்தைகளிடையே இறப்பு குறைவாக இருந்ததாக 2008-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று தெரிவித்தது.

வேதிச் சோதனை தன் பணியைச் சரியாகவே செய்தது. அது தேடிய அமிலங்கள் சிறுநீரில் இருந்தன, கட்டிகளும் உடலில் இருந்தன. எந்தக் கட்டி உயிரைப் பறிக்கும், எது தானே மறையும் என்பதை மட்டும் அதனால் சொல்ல இயலவில்லை. இரத்தம், சிறுநீர், மூச்சுக்காற்று ஆகியவற்றின் வழியே புற்றுநோயைத் தேடும் இன்றைய முறைகளும் இதே கேள்விக்கு விடை தர வேண்டியுள்ளது.