வீடு திரும்பும் நாள்



பினாங்கு நகரின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை நம்மவருள் பலரும் நடந்த சாலை. 1801-இல் தோன்றிய பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. அதற்கு அருகிலேயே, குயின் தெருவில், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோவில் இருக்கிறது. கப்பலேறி வந்த நம் முன்னோர் கரையிறங்கிய நகரம் அது. ஆயினும், அவர்களுள் பலர் நகரில் கால் வைக்குமுன் ஜெரெஜாக் தீவில் தங்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீவில் இரண்டு இடங்கள் அமைந்தன. ஒன்று, கப்பலில் வந்தோரைத் தடுத்து வைக்கும் நிலையம். மற்றொன்று, தொழுநோயாளர் இல்லம். தடுத்து வைக்கப்பட்டவர்க்கு விடுதலை நாள் உண்டு. குறித்த நாட்கள் கழிந்தும் அம்மையோ காலராவோ தோன்றாவிட்டால் வெளியே விட்டார்கள். தொழுநோயாளர்க்கு அப்படியொரு நாளே கிடையாது. நோயைத் தீர்க்கும் மருந்து இல்லாத காலத்தில், 'இவர் குணமாகிவிட்டார், போகலாம்' என்று யார் சொல்வது?

1940-களில் சல்போன் மருந்துகள் வந்தன. அதன்பின் தோலிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கிருமி இல்லையென்று மீண்டும் மீண்டும் தெளிந்த பிறகு நோயாளியை அனுப்ப முடிந்தது. ஆனால், 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்பில் நோய் நீங்கியும் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். காரணம் என்ன? ஏற்றுக்கொள்ள வீடு இல்லை. இதிலிருந்து நாம் அறிவது, உடல் தேறினால் மட்டும் போதாது, வீடும் ஆயத்தமாக வேண்டும் என்பதே.

அந்த வீடு ஏழை வீடாக இருந்தால்? ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடாக இருந்தால்? இந்தக் கேள்விக்குச் சென்னை நகரம் விடை கண்டது. காசநோய்க்காரர் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும், நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் வேண்டும் என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தனர். மற்றவர் தம் குடிசைகளிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டு ஒரே மருந்து.

1959-இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கும், வீட்டில் 100-க்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சத்துணவும் ஓய்வும் குறைந்த வீடுகளில் இவ்வளவு நன்மை கிடைத்தது மருத்துவ உலகை வியக்க வைத்தது. குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்து சிகிச்சை பெற்றதால் மற்றவர்க்குத் தொற்று கூடவில்லை. நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களே பெரும் ஆபத்தான நாட்கள்.

ஆனால், ஒன்றை நாம் மறக்கலாகாது. அந்த நோயாளிகளை மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். மருத்துவமனை அவர்களோடு வீடு வரைக்கும் வந்தது என்றே சொல்லலாம். அதனால்தான் வீடு பாதுகாப்பான இடமாயிற்று.

இதில் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பாடம் உண்டு. பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் வளர்ந்தவர்கள் நாம். காய்ச்சல் தணிந்தவுடனே, 'தன் பொறுப்பில் போகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர மனம் துடிக்கும். இருமல் நின்றவுடனே மாத்திரையை நிறுத்தவும் தோன்றும். காசநோயில் சில வாரங்களிலேயே நோயாளிக்குச் சுகம் தெரியும், ஆனால் கிருமி உள்ளே பதுங்கியிருக்கும். இன்றும் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். பாதியில் விட்டால் நோய் திரும்பும். மருந்துக்கும் மசியாத நோயாக மாறலாம்.

ஆகவே வீடு திரும்பும் நாளில் மருத்துவரிடமோ தாதியிடமோ நான்கு கேள்விகளைக் கேட்போம். எந்த மருந்தை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? மறுபடி எப்போது வரவேண்டும்? எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடிவர வேண்டும்? எப்போது வேலைக்குப் போகலாம்? ஐந்தாவது கேள்வி நமக்கே உரியது: வீட்டில் இவரைக் கவனிப்பவர் யார்? கூச்சப்படாமல் கேளுங்கள். விடையை எழுதி வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள்.

அந்தத் தீவில் நம் முன்னோர் நாட்களை எண்ணிக் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கேட்க வழியில்லை. நமக்கு வழி இருக்கிறது. கேட்டுத் தெளிந்து வீடு திரும்புவோம்.